குளத்துக்கு மேற்கே விதைத்தவள்

கப்பலில் வந்த கோதுமை பேசியது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். கோதுமை ஒருநாளும் பேசவில்லை. பேசியது எங்கள் வாய்.

உப்பளங்களுக்கும் நிலக்கரிக் குவியல்களுக்கும் நடுவே கிடக்கிற எங்கள் துறைமுக ஊருக்கு அந்த ஐப்பசியில் ஒரு கப்பல் வந்தது. அதன் கொடி ஒரு தீவின் கொடி, அந்தத் தீவை அதன் மாலுமிகளில் ஒருவன்கூடப் பார்த்ததில்லை; அதன் முதலாளி ஒரு நாட்டில், முதலாளிக்கு முதலாளி இன்னொரு நாட்டில், இன்சூரன்ஸ் வேறொரு நாட்டில்; அதன் வயிற்றிலிருந்த கோதுமை எங்கே விளைந்தது என்று கேட்டால் காகிதம் ஓர் ஊரின் பெயரைச் சொன்னது, அந்த ஊரில் ஆலிவ் மரமும் ஆடும் தவிர வேறெதுவும் கிடையாது. கருங்கடலில் கப்பலும் கப்பலும் உரசி நின்று ஒன்றன் வயிற்றிலிருந்து மற்றதன் வயிற்றுக்கு மாற்றிக்கொண்ட தானியம் அது, உக்ரைனில் ரஷ்யப் படை பிடித்து வைத்திருக்கிற வயல்களிலிருந்து வாரிக்கொண்டு வந்தது என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் கேட்கக் கூடாது என்பதும் தெரியும். மாவு மில் முதலாளி சுகிர்தராஜ் அண்ணாச்சி அதை மலிவாக வாங்கினார், மலிவாக அரைத்தார், ஊரிலுள்ள பரோட்டாக் கடையெல்லாம் மைதா மூட்டையை மலிவாக இறக்கிக்கொண்டது, நாங்கள் மலிவாகத் தின்றோம், தின்று கைகழுவிவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.

நான் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் குடிதண்ணீரும் ஏற்றிக் கொடுக்கிறவன். உக்ரைனின் துறைமுக நகரமான ஒதெஸ்ஸாவில் படித்து, அங்கேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவன் என்பதால், ரஷ்ய மொழி பேசுகிற மாலுமி எவன் கரையிறங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தக் கதையில் எனக்கு அவ்வளவுதான் வேலை.

முதலில் சொன்னது சந்தியாகுவின் வாய். லோடுமேன் சங்கத்துத் தலைவர், நூறு கிலோவை முதுகில் வாங்கிக்கொண்டு வெற்றிலை மெல்லுகிற ஆள். மாதா கோயிலை ஒட்டிய இஞ்ஞாசியின் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பிய்த்துப்போட்ட பரோட்டாவில் மூன்றாவது வாய் எடுத்து வைத்தவர், ரேஷன் கடையில் பேர் சொல்வதுபோல, நிதானமாக, "பனாஸ் ஒனுஃப்ரியோவிச், திகா பால்கா, காற்றாலைக்குத் தெற்கே" என்றார்.

"என்ன சொன்ன மச்சான்?" என்று கல்லிலிருந்து திரும்பினார் இஞ்ஞாசி.

"சால்னா கேட்டேன்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி வாயில பரோட்டால்லா இருந்துச்சு. எப்பிடிவே பேசுவேன்?"

அவர் சொல்லி முடிக்குமுன் பக்கத்து மேசையில் வலை விற்கிற ஒருத்தர் "மோத்ரியா லுக்கினிச்னா, திகா பால்கா, சர்ச்சுக்குப் பின்னால் வாதுமை மரம் வரைக்கும்" என்றார், அவருக்கு எதிரே இருந்தவரின் சின்ன மகள் வேறொரு பெயரைச் சொன்னாள், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் தின்று முடித்தார்கள். பசி முதலில், ஆச்சரியம் அப்புறம். எங்கள் ஊரில் ஆச்சரியத்தின் முறை பெரும்பாலும் வருவதே இல்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பேசிக்கொண்டே சாப்பிடுகிற வீடுகளில் மூன்றாவது வாய்க்குப் பேச்சை நிறுத்திப் பெயருக்கு வழிவிட்டு அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை கோதுமை அல்வாவைத் தின்றுவிட்டு ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னபோது, பெண் வீட்டார் கோபப்படாமல் அது எந்த வயல் என்று மட்டும் விசாரித்தார்கள். பள்ளிவாசல் தெருவில் நோன்பு அல்லாத நாளிலும் ரொட்டிக்கு முன் ஒரு துஆ சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் ராத்திரி சப்பாத்தியில் வருகிற பெயரைக் காலையில் நடைப்பயிற்சியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாதுமை மரம், காற்றாலை, உடைந்த பாலம், நரிப்பள்ளம், குளத்துக்கு மேற்கே, குளத்துக்குக் கிழக்கே என்று எல்லைகள் சேரச் சேர, கடல் தாண்டி யாரும் பார்க்காத திகா பால்கா என்கிற அந்த ஊரின் வயல்வரப்பு எங்கள் உப்பளப் பாத்திகளைவிட எங்களுக்குத் துல்லியமாகப் பாடமானது. யார் இவர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பரோட்டா மலிவாக இருக்கும்வரை அந்தக் கேள்விக்கு அவசரமில்லை.

பிறகு அது கோயிலுக்குள் போனது. கன்னியர் மடத்தில் சுடுகிற நற்கருணை அப்பமும் கோதுமைதானே. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், பங்குச் சாமியார் ததேயுஸ் ஒவ்வொரு நாக்கிலும் அப்பத்தை வைக்க வைக்க, ஆமென் என்று சொல்லித் திரும்பிய ஒவ்வொரு வாயும், மூன்றாவது கவளத்துக்குக் காத்திராமல், இரண்டடி தள்ளிப்போய் ஒரு பெயரைச் சொன்னது, வரிசை முடிகிறவரை கோயில் முழுக்க ஒனுஃப்ரியோவிச்சும் ஸ்தெபானிவ்னாவும் ஹ்ரிஹோரோவிச்சுமாக முணுமுணுத்தது. ஃபாதர் ததேயுஸ் மரியாதை தெரிந்தவர். குறுக்கிடாமல் ஒவ்வொன்றும் முடியும்வரை காத்திருந்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

சலேத்தம்மா மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பது வயது, குரல் கலங்கரை விளக்கம் வரைக்கும் போகும், ஒருமுறை காதில் விழுந்த பெயரோ விலையோ செத்தாலும் மறக்காது. மரியாயின் சேனை என்கிற செபக் குழுவுக்கு அவர்தான் தலைவி. அவர் பூசை முடிந்ததும் சாமியாரின் அறைக்கே போய்விட்டார்.

"சாமி, இது உத்தரிக்கிற ஆத்துமாக்க. செத்தும் மோட்சம் சேராததுவ."

"அப்பிடிச் சட்டுனு முடிவு பண்ணிரக் கூடாதும்மா."

"வேற எதுவாம்? செபிக்க ஆளில்லாத ஆத்துமா எங்க போவும்? நற்கருணை வாங்குன வாயத் தேடித்தான் வரும். கல்லறைத் திருநாளு வேற கிட்ட வந்துட்டு. வழி தெரியாம நம்ம ஊருக்கு வந்துருக்குவ. வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புவமா?"

எங்கள் ஊர் வெறுங்கையோடு யாரையும் அனுப்பாது. கல்லறைத் திருநாளன்று, இறந்தவர்களுக்கான பாட்டுப் பூசை வைத்து, எங்கள் ஆட்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து, யாருமில்லாத அந்த ஆத்துமாக்களுக்கென்று மெழுகுவர்த்தி ஏற்றினோம். சலேத்தம்மா மனதிலிருந்தே ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் துக்கமணி ஒருமுறை அடித்தது. காலையில் தொடங்கிய மணி மத்தியானம் வரை நிற்கவில்லை. அழத் தெரிந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள், அவர்களுக்குப் பசித்தபோது இஞ்ஞாசி பரோட்டா கொடுத்தனுப்பினார், தின்றார்கள், புதிதாக வந்த பெயர்களையும் சேர்த்து அழுதார்கள். இவ்வளவு நல்ல மனசோடு இவ்வளவு பெரிய அநியாயத்தை யாரும் செய்திருக்க முடியாது.

கோதுமைக் கப்பல் அப்போதும் துறைமுகத்தில்தான் நின்றது. வடகிழக்குப் பருவமழை. மழையில் கோதுமையைத் திறக்க முடியாது, திறந்தால் முளைத்துவிடும். பாதி இறக்கி, மீதியை மூடிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்த மாலுமிகளில் இரண்டு பேர் சிம் கார்டு வாங்க வேண்டும் என்று என்னோடு கரைக்கு வந்தார்கள். ஒருவன் நசார், உக்ரைன்காரன், கப்பலின் எலெக்ட்ரீஷியன், முப்பதை நெருங்குகிறவன். இன்னொருவர் வதீம், ரஸ்தோவிலிருந்து வந்த ரஷ்யர், மாலுமிகளுக்கு மேஸ்திரியான, தலை நரைத்த போசன். ஒரே அறையில் படுக்கிறவர்கள். சாப்பாட்டு மேசையில் செய்தி பேசுவதில்லை என்று அந்தக் கப்பலில் ஓர் ஒப்பந்தம் இருந்ததாம். அதனால்தான் அவர்கள் இன்னும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

மழைக்கு இஞ்ஞாசி கடையில் ஒதுங்கினோம். எங்களுக்குப் பக்கத்தில் சந்தியாகு. மூன்றாவது வாய். "ஹன்னா ஸ்தெபானிவ்னா, திகா பால்கா, குளத்துக்கு மேற்கே."

நசாரின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அடுத்த நொடி அவன் சந்தியாகுவின் சட்டையைப் பிடித்திருந்தான்.

"இன்னொரு தடவை சொல்! சொல்!"

"யாருல இவன்? சட்டைய விடச் சொல்லுவே. சங்கத்துச் சட்டை."

நான் நடுவில் புகுந்தேன். அது அவன் அம்மாவின் பெயர், அவன் ஊர், அவன் வயல். நான் அதைத் தமிழில் சொன்னதும் சந்தியாகு சட்டையை விடுவிக்கப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கோயிலிலிருந்து குடை பிடித்து வந்த சலேத்தம்மா, விஷயம் கேட்டு, முகமெல்லாம் பரவசமாக அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஹன்னா மவனா நீ? கவலப்படாத மக்கா. உன் ஆத்தாளுக்குப் பாட்டுப் பூச வச்சாச்சு. மணி அடிச்சாச்சு. எங்க அம்மைக்குப் பக்கத்துலயே மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். இனி அவ நிம்மதியா இருப்பா. தம்பி, அவன்ட்ட சொல்லுங்க."

சொன்னேன். நசார் கத்தவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டான்: "எப்போது இறந்தாள்?"

கடையிலிருந்தவர்கள் சலேத்தம்மாவைப் பார்த்தார்கள்.

"யார் பார்த்தது?"

"பாக்கணுமா?" என்றார் சலேத்தம்மா. "பேரு வருதுல்லா?"

அப்போது அவன் சொன்னான், நான் வாக்கியம் வாக்கியமாக மாற்றினேன்: படை வந்து ஊரைப் பிடித்த பிறகும் அவள் வீட்டை விட்டுப் போகவில்லை, புதிய ரஷ்யப் பாஸ்போர்ட் வாங்கினால்தான் நிலம் உன்னுடையது என்றார்கள், வாங்கவில்லை, சென்ற மார்கழியோடு தொலைபேசி நின்றது, அதற்கப்புறம் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் அவன் கடல் கடலாகப் போய்க்கொண்டிருக்கிறான், அவள் இருக்கிறாள் என்று தினமும் காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் எழுந்திருக்கிறான், அந்த ஒன்றை வைத்துத்தான் அவன் ஓடுகிறான், அதற்குப் போய் மணி அடித்துவிட்டீர்களே.

வதீம் அதுவரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவர்கள் விதைப்பதில்லை, நசார்," என்றார். "இது விதைத்தவர்களின் பெயர். வேறொன்றுமில்லை. குளத்துக்கு மேற்கே யார் விதைப்பது?"

"அவள்தான். டிராக்டரை வேறு யாரையும் தொட விடமாட்டாள்."

"அப்போது போன வருஷ இலையுதிர் காலத்தில் அவள் இருந்திருக்கிறாள். அதற்கு மேல் இந்தக் கோதுமைக்குத் தெரியாது."

நசார் கப்பல் நின்ற திசையைப் பார்த்தான். தானியம் புழுங்கிப்போகாமல் இருக்க, கருங்கடலிலிருந்து எங்கள் கடல்வரைக்கும் அதன் அறைகளுக்குக் காற்றாடி ஓட்டியவன் அவன்தான். தன் அம்மாவிடமிருந்து திருடியதைக் கெடாமல் கொண்டுவந்து சேர்த்தவன்.

"உங்கள் ஆட்கள்," என்றான் வதீமிடம்.

"என் ஆட்கள்தான். எனக்கு என்ன பங்கு கொடுத்தார்கள் என்று கேள்."

"பங்கு கேட்காமலே தின்றாயே."

"நீயும்தான் தின்றாய்."

ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

சலேத்தம்மாவுக்கு இவ்வளவையும் நான் மொழிபெயர்த்து முடித்தபோது அவர் முகத்தில் பரவசம் இருந்த இடத்தில் வேறொன்று ஏறியிருந்தது. குடையைப் போட்டுவிட்டு மழையிலேயே நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. மாவு மில் வாசலில் நின்று, ஏல மேடையில்கூட நாங்கள் கேட்டிராத குரலில் கூப்பிட்டார்.

"ஏல சுகிர்தராஜு! வெளிய வால! உசிரோட இருக்கவளுக்கு என்னைய அடக்கப் பூச வைக்க வச்சிட்டியேல! களவாண்ட சோத்த எங்க வாயில வச்சது பத்தாதுன்னு ஆண்டவரு வாயிலயும் வச்சிட்டியேல!"

அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சலேத்தக்கா, சத்தம் போடாதிய. எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு."

"பேப்பரத் தின்னு பாருல, அது என்ன பேரு சொல்லுதுன்னு."

இப்படிப்பட்ட செய்தி கடல் தாண்டும். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மாஸ்கோவிலிருந்து, தானியக் கம்பெனியின் ஆள், நல்ல கோட்டு, நல்ல பல். இன்னொருவர் மேற்கு ஐரோப்பாவிலிருந்து, ஏதோ ஒரு கண்காணிப்புக் குழுவின் ஆள், அதைவிட நல்ல கோட்டு. கோயில் மண்டபத்தில் கூட்டம். மாஸ்கோக்காரர், இவை பெயர்களே அல்ல, மசாலா தொண்டையில் படும்போது வரும் ஒலிகள் என்றார். சுகிர்தராஜ் அண்ணாச்சி தலையாட்டினார். மேற்கத்தியர், தாங்கள் ஆழ்ந்த கவலை கொண்டிருப்பதாகவும், எங்கள் வாய்களைப் பதிவு செய்துகொள்ள அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்.

"கவலப்பட்டு?" என்றார் சலேத்தம்மா.

"இன்னும் விரிவாகக் கவலைப்படுவோம்" என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதன் சாரம் அதுதான்.

நசார் எழுந்தான். "எங்கள் நாட்டில் பிடிபடாத பாதி இன்னும் இருக்கிறது. அங்குள்ளவர்கள் லாரியில் ஏற்றி மேற்கு எல்லைக்குக் கொண்டுவந்தால், உங்கள் ஆட்கள் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தித் தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டுகிறார்கள். கிழக்கே இருப்பவன் திருடுகிறான். மேற்கே இருப்பவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறான். எங்கள் கொடியை உங்கள் பால்கனியில் தொங்கவிட்டீர்கள், அதற்குக் கீழே அறைக்குள் எரிந்தது யாருடைய எரிவாயு? என் அம்மா எந்தப் பக்கம் பார்த்து விற்க வேண்டும், சொல்லுங்கள்."

"அது வேறு விவகாரம்," என்றார் அந்த மனிதர், உண்மையாகவே சங்கடப்பட்டு. "எங்கள் விவசாயிகளும் நொடித்துப் போயிருக்கிறார்கள். அதற்குத் தனிக் குழு இருக்கிறது." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏன் வாங்கினீர்கள்?"

எல்லோரும் சுகிர்தராஜ் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"கேக்குறது நியாயந்தான்," என்றார் சலேத்தம்மா. "நம்ம ஏன் தின்னோம்? மலிவா இருந்துச்சு, தின்னோம். எந்திரிச்சு நின்னு சொல்லு சுகிர்தராஜு. நானும் நிக்கேன்."

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. இஞ்ஞாசி இரண்டு இலை போட்டு, விருந்தாளிகளுக்கு முன்னால் சூடாகப் பரோட்டா வைத்தார். பேச்செதற்கு, வாயே சொல்லட்டும் என்பது அவர் கணக்கு.

மேற்கத்தியர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கோதுமை தன் குடலுக்கு ஆகாது, மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"இவருக்கு மட்டும் ஆவாதா, அந்தப் பக்கம் யாருக்குமே ஆவாதா?" என்று இஞ்ஞாசி கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

மாஸ்கோக்காரர் தயங்கவே இல்லை. முழுக்கையை மடித்துவிட்டு நன்றாகப் பிய்த்து, சால்னாவில் புரட்டி, முதல் வாய், இரண்டாம் வாய். மூன்றாவது வாயில் அவருடைய நல்ல பற்களுக்கு நடுவிலிருந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஹன்னா ஸ்தெபானிவ்னா, திகா பால்கா, குளத்துக்கு மேற்கே" என்று வந்தது. நசார் பாய்ந்தான். வதீம் அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாஸ்கோக்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"அருமை," என்றார். "மிளகு சேர்க்கிறீர்களா?"

இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார்.

அதுவரைக்கும் நாங்கள் நம்பியிருந்தோம், பெயரைச் சொல்லிவிட்டால் போதும், சொன்ன வாய் கூசும், கூசிய வாய் மூடிக்கொள்ளும் என்று. மூடாது. எத்தனை பெயர் வந்தாலும் அத்தனைக்கும் மேல் இன்னொரு கவளம் வைக்க அவர்களால் முடியும். வாய் அவர்களுக்குத் தின்பதற்கு மட்டும்தான். வந்த கோபத்தில் சந்தியாகு அங்கேயே சங்கத்து ஆட்களைக் கூட்டிக் கையடித்துச் சத்தியம் வாங்கினார்: அந்தக் கோதுமையை இனி எங்கள் முதுகு தொடாது. சலேத்தம்மா கோதுமையே இனி நாக்கில் படாது என்று மாதா முன்னால் சொன்னார், ஊரும் அந்தக் கோதுமையைத் தின்பதை விட்டது. பாதி வயிற்றோடு கப்பல் கிளம்பியது, வதீம் அதிலேயே போனார், நசார் போகவில்லை. மீதிக் கோதுமை வேறொரு கடற்கரையில் இறங்கியது, வேறு யாரோ தின்றார்கள், அங்கே வாய்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். எங்கள் மண்ணில் மட்டும்தான் அது.

சாமியாரை மட்டும் சலேத்தம்மா விடவில்லை. வைத்த பூசையைத் திரும்ப எடுக்க வழி சொல்லுங்கள் என்றார். ஃபாதர் ததேயுஸ் இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டினார். உயிரோடு இருப்பவளுக்கு அடித்த துக்கமணியை ரத்துசெய்ய திருச்சபையில் செபம் இல்லை. கடைசியில், அவள் இருக்கிறாள் என்று உறுதியாகத் தெரியும் அன்றைக்குத் திருநாள் மணி அடிக்கலாம், அதற்குத் தடையில்லை என்றார்.

ஆகவே ஊர் காத்திருந்தது. நசார் இஞ்ஞாசி கடை மாடியில் தங்கி, ஐஸ் பிளான்ட்டிலும் விசைப்படகிலும் மோட்டார் ரிப்பேர் பார்த்தான். தமிழை மீன் ஏலத்தில் கற்றுக்கொண்டான். ஆகவே அவன் அன்பாகப் பேசினாலும் சண்டை போடுவதுபோல் இருக்கும். தினமும் சாயங்காலம் அந்த எண்ணுக்கு அடிப்பான். மணியே போகாது. பெண்கள் அவனைப் பார்த்தால் அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள், அவன் அவள் டிராக்டரைத் திட்டுவதை, ஊறுகாய் ஜாடியை யாருக்கும் தராததை நடித்துக் காட்டுவான். இறந்தகாலத்தில் யாராவது கேட்டுவிட்டால் எழுந்து போய்விடுவான்.

மறு ஐப்பசியில் கப்பல் திரும்ப வந்தது. வேறு பெயர் பூசி, வேறு தீவின் கொடியோடு. போசன் வதீம்தான்.

சந்தியாகுவின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுகிர்தராஜ் அண்ணாச்சி இரட்டைக் கூலி என்றார், யாரும் அசையவில்லை. எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நசார் மட்டும் கப்பலின் வயிற்றையே வெறித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் சந்தியாகுவிடம் வந்தான்.

"மச்சான். இறக்குங்க."

"என்னல?"

"இது புதுசு. முந்தினதுக்கு அடுத்த வெதப்பு. எங்க ஆத்தா வெதச்சிருந்தா இதுல இருப்பா."

சந்தியாகுவுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் அவர் முகம் கறுத்துப்போனது. "நீ என்ன சொல்லுதன்னு தெரிஞ்சுதான் சொல்லுதியா? சத்தியம் பண்ணிருக்கோம்ல. உனக்காவ பண்ணுன சத்தியம்ல அது!"

"எனக்காவ உடைங்க."

"கோதுமையெல்லாம் கலந்துல்லால கெடக்கும்? உங்க ஆத்தா பேரு வரணும்னா ஊரே உக்காந்து தின்னாலும்..."

"ஊரே தின்னுங்க," என்றான் நசார். நின்றுகொண்டே அழுதான். "திருட்டுச் சோறுதான். தின்னுங்க."

முதல் மூட்டையை வதீம் தன் தோளில் சுமந்து வந்து இஞ்ஞாசி கடையில் இறக்கினார். தெருமுனை மெஷினில் அரைத்து, பிசைந்து, அடித்து, வீசி, கல்லில் போட்டோம். ஒரு வருஷம் விட்டிருந்த வாய்கள் வரிசையாக உட்கார்ந்தன. சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். மூன்றாவது வாயில் அவரிடமிருந்து வந்தது ஆள் பெயரே அல்ல. ஒரு கம்பெனியின் பெயர், அதன் தலைமை அலுவலகம் இருக்கிற நகரம், "காற்றாலைக்குத் தெற்கே". காறித் துப்பினார். அடுத்தவர், அதே கம்பெனி, "சர்ச்சுக்குப் பின்னால்". அடுத்தவர், அதே கம்பெனி, "உடைந்த பாலத்தருகே". அந்த வயல்களை இப்போது கம்பெனி விதைத்திருக்கிறது; போன வருஷம் நாங்கள் மணியடித்து அழுத பனாஸும் மோத்ரியாவும் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அடுத்த வாயைப் பிய்த்தோம். இடையிடையே ஓர் ஆள் பெயர் வரும், கடையே மூச்சு விடும். குளத்துக்கு மேற்கே மட்டும் வரவில்லை.

மூட்டை தீர்ந்தது. நசார் யாரையும் பார்க்கவில்லை. சந்தியாகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்கல," என்றார் தன் ஆட்களிடம். சங்கம் முழுக்க எழுந்து, தான் செய்த சத்தியத்தின் மேலேயே நடந்து, கப்பலுக்குப் போனது.

இரண்டு நாள் ஊர் வேறு வேலை பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்றார்கள், பள்ளிவாசல் தெரு ரொட்டி சுட்டது, சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தின்றார்கள், கன்னியர் மடத்தில் அப்பம் சுட்டார்கள். கம்பெனி, கம்பெனி, ஓர் ஆள், கம்பெனி. கடைசியில் தின்னாமல் மிஞ்சியது சலேத்தம்மா ஒருவர்தான். மாதாவிடம் வாக்குக் கொடுத்தவர். கோயில் பக்கம் திரும்பி, "நீயும் ஒரு புள்ளையப் பெத்தவதான, பொறுத்துக்கோ" என்று மாதாவிடம் சண்டைபோலச் சொல்லிவிட்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இஞ்ஞாசி இலை போட்டார். ஒரு வாய். இரண்டு வாய்.

மூன்றாவது வாயில், ஏல மேடையில் ஒலிக்கிற அந்தக் குரலில், கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்கும்படி வந்தது: "ஹன்னா ஸ்தெபானிவ்னா, திகா பால்கா, குளத்துக்கு மேற்கே."

கடை வெடித்தது. சந்தியாகு நசாரைத் தோளில் தூக்கிவிட்டார், யாரோ கோயிலுக்கு ஓடினார்கள், ஃபாதர் ததேயுஸே கயிற்றைப் பிடித்துத் திருநாள் மணியை அடித்தார், வதீம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இருக்கிறாள். போன இலையுதிர் காலத்தில் இருந்திருக்கிறாள், டிராக்டரில் உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் கம்பெனியின் வயல்களுக்கு நடுவில் தன் வயலை விட்டுக்கொடுக்காமல் விதைத்திருக்கிறாள். விளைந்ததை வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சலேத்தம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது. அந்தக் கவளத்தை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை; விழுங்கினால் அவளுடைய சோறு, துப்பினாலும் அவளுடைய சோறு. தெருவில் சுகிர்தராஜ் அண்ணாச்சியின் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கப்பல் முழுக்கக் காலியாகிவிட்டது. அண்ணாச்சிக்காக நாங்களே, ஒற்றைக் கூலிகூட வாங்காமல், இறக்கிக் கொடுத்திருந்தோம்.

நசார் தோளிலிருந்து இறங்கி அவர் முன்னால் மண்டியிட்டான். சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணீர் மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சலேத்தக்கா," என்றான், "அடுத்த வருசமும் அவகிட்ட களவாங்கட்டும். வருசா வருசம் களவாங்கட்டும்."

சலேத்தம்மா விழுங்கினார். விழுங்கிவிட்டு, ஊரே பார்க்க, அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். இப்படி ஒரு செபத்தை ஒரு மகன் வாயில் வைத்தவர்கள் யாரும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை, இவன்தான் இருந்தான். அப்புறம் அவன் தலையை நெஞ்சோடு இழுத்து அழுத்திக்கொண்டு, வெகுநேரம் கழித்து, இஞ்ஞாசி பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு போடு," என்றார். "மத்தவங்களத் தேடணும்."